ஏப்ரல் ஒன்றாம் தேதி அந்த வீட்டில் இருந்தவர்கள்

கண்ணாடி ஆலையை மூடிய பிறகு லார்க்கின்பர்க்கில் ஜனம் குறைந்துகொண்டே வந்தது. அதை யாரும் எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. இரண்டு உயர்நிலைப் பள்ளிகளை ஒன்றாக்கிவிட்டார்கள். கடைத்தெருவில் செருப்புக்கடை இருந்த இடத்தில் மலிவுச் சாமான் விற்கும் டாலர் கடை வந்தது, துணிக்கடை இருந்த இடத்தில் இன்னொரு டாலர் கடை வந்தது. தெருவுக்கு நாலு வீட்டு ஜன்னல்களில் பலகை அடித்திருந்தது. ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்துக் கோழியிறைச்சி ஆலையிலும் பெரிய ஆஸ்பத்திரியிலும்தான் இன்னும் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கோழி ஆலை வேலைக்குக் குவாத்தமாலாவிலிருந்து சில குடும்பங்கள் வந்திருந்தன.

இருந்தாலும் 2010-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தபோது நகர மன்றத்தாருக்குக் கவலை பிடித்தது. ஐம்பதாயிரத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் வாஷிங்டனிலிருந்து நகரத்தின் கைக்கு நேராக வரும் பணம் நின்றுபோகும். பிறகு மாநிலத் தலைநகரான கொலம்பஸுக்குப் போய், சின்னச் சின்ன ஊர்களோடு வரிசையில் நின்று கையேந்த வேண்டும். அதனால் மேயர் பேருந்துகளின் முதுகில் எல்லாம் விளம்பரம் ஒட்டியிருந்தார்: 'நீங்களும் ஒருவர்.'

ரெனாட்டா ஹ்லாவாட்டி அந்தக் கோடைக்கு மட்டும் கணக்கெடுக்கும் வேலையில் சேர்ந்திருந்தாள். ஆலை மூடும் வரை அங்கே சம்பளப் பிரிவில் இருந்தவள். அதற்கப்புறம் கடைக் கல்லாவில் கொஞ்ச காலம், பல் மருத்துவர் ஒருவரிடம் கொஞ்ச காலம் என்று ஒட்டாமல் ஓடிக்கொண்டிருந்தது. தபாலில் வந்த படிவத்தை நிரப்பி அனுப்பாத வீடுகளுக்கு நேரில் போய்க் கேட்டு எழுத வேண்டும். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் கறுப்புப் பை. நாய்கள் குரைத்தன. சில வீடுகளில் கதவைத் திறக்காமலே உள்ளேயிருந்து திட்டினார்கள். அவளுக்கு அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். ஜூன் மாதம் அவளுக்குக் கொடுத்த தெருக்களில் சைகமோர் தெருவும் இருந்தது.

அந்தத் தெருவில் அவள் ஒன்பது வருஷம் குடியிருந்தவள். ஆர்வில் ஸ்ட்ரவுட்டின் மருமகளாக, அவர் வீட்டு மாடியறையில். அவர் மகன் க்ளென் எண்ணெய் வயல் வேலைக்கு டெக்ஸஸ் போனான். முதலில் பணம் அனுப்பினான், பிறகு விவாகரத்துத் தாளை அனுப்பினான். ரெனாட்டா அவனை விட்டாளே தவிர கிழவரை விடவில்லை. மாமியார் புற்றுநோயில் கிடந்தபோது பக்கத்தில் இருந்தது இவள்தான். அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் இரண்டு பேருக்குச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வருவாள்.

போன குளிர்காலத்தில் அது நின்றுபோனது. 'இந்த வாரம் வேண்டாம்மா, உடம்பு சரியில்ல' என்றார். அடுத்த வாரம் 'குழாய் உறைஞ்சுபோச்சு' என்றார். பார்க்க வேண்டுமென்றால் டோனட் கடைக்கு வரச் சொன்னார். அவள் மூன்று நாலு முறை கேட்டுப் பார்த்தாள். பிறகு, மகனே இல்லாதபோது மருமகள் எதற்கு என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு ஒதுங்கிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் ஏறக்குறைய நகராமலே நின்றன.

இப்போது அட்டையும் பையுமாக அந்த வாசலில் நின்று மணி அடித்தாள். ஆர்வில் கதவை ஒரு சாண் திறந்து, அந்த இடைவெளியைத் தன் உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றார். எண்பது வயதானாலும் ஆள் இன்னும் அகலம்தான்.

"என்னம்மா, என்னையும் எண்ண வந்துட்டியா?"

"எல்லாரையும் எண்ணணும் மாமா. ஏப்ரல் ஒண்ணாம் தேதி இந்த வீட்ல எத்தனை பேர் இருந்தீங்க?"

"ஒண்ணு. என்னை விட்டா வேற யாரு?"

வாசல் பாய்மேல் ரோஸ் நிறத்தில் சின்னதாக ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் கிடந்தது. உள்ளேயிருந்து மக்காச்சோள ரொட்டி வாட்டும் வாசனை வந்தது. மாமியார் இருந்த காலத்திலும் அந்த அடுப்பிலிருந்து வராத வாசனை. பிறகு ஒரு கைக்குழந்தை வீறிட்டது.

"டிவி" என்றார் ஆர்வில்.

"டிவிக்குப் பசிக்குது போல மாமா."

அவர் முகம் சிவந்தது. "ஒண்ணுன்னு எழுதிட்டுப் போயேன். உனக்கு என்ன போச்சு?"

"பொய்னு தெரிஞ்சு எழுத மாட்டேன். நீங்க சொல்லலேன்னா பக்கத்து வீட்ல கேட்டு எழுதச் சொல்றாங்க."

"கேளு. ரெண்டு பக்கமும் வீடு காலி. பேய்கிட்டதான் கேக்கணும்."

"சரி, டோனட் கடையில உக்காந்துக்கிட்டு, கோழி ஆலைக்கு வந்தவங்க ஊரைக் கெடுத்துட்டாங்கன்னு தினம் பேசறது யாரு மாமா? பேயா?"

கதவு மூடிக்கொண்டது. கோபத்தோடு அறைந்து மூடவில்லை, மெதுவாகத்தான் மூடினார். அது இன்னும் வலித்தது. படியிறங்கும்போதுதான் அவளுக்குப் புரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத்தான் மனிதர் குளிர்காலம் முழுக்கத் தன்னை வாசலோடு நிறுத்தியிருக்கிறார். வெறுத்து ஒதுக்கவில்லை. இந்த நினைப்பில் ஒரு நிம்மதி வந்தது. அதன் பின்னாலேயே, தன்னிடம் கூடவா மறைத்தார் என்று ஆத்திரமும் வந்தது.

சனிக்கிழமை காலை டோனட் கடைக்குப் போனாள். ஆலையில் உலையடியில் வேலை பார்த்த கிழவர்கள் நாலைந்து பேர் ஜன்னலோர மேசையில் எப்போதும் போல உட்கார்ந்திருந்தார்கள். ஆர்விலும் இருந்தார். அவளைப் பார்த்ததும் காப்பிக் கோப்பைக்குள் முகத்தை விட்டுக்கொண்டார்.

அவர்களில் வாய்த்துடுக்கு அதிகம் உள்ளவர் க்ளீட்டஸ். ஆர்வில் கூடவே முப்பது வருஷம் வேலை பார்த்தவர்.

"வாம்மா ரெனாட்டா. எங்க ஆர்வில எண்ணி முடிச்சிட்டியா?"

"யார் வீட்டு விஷயமும் வெளியில பேசக்கூடாது. சத்தியம் வாங்கியிருக்காங்க. பேசினா ஜெயில்."

"நீ பேசாத. நான் பேசறேன், எனக்குச் சத்தியமும் கிடையாது, ஜெயிலும் கிடையாது." க்ளீட்டஸ் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். "இவனால குனிஞ்சு பூட்ஸ் கயிறு கட்ட முடியாது. ஆனா குளிர்காலம் பூரா இவன் வாசல்ல பனியை யாரோ விடியறதுக்குள்ள வழிச்சுப் போட்டிருக்கான். மிளகாய்னா காத தூரம் ஓடுறவன், கடையில மூட்டையா வாங்கினான். போன வாரம் டயப்பர் வாங்கிட்டு நின்னான். உனக்கான்னு கேட்டேன். ஆமான்னான். பாக்கெட்டைப் பார்த்தா பொறந்த குழந்தை சைஸ்."

மேசை குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள். கல்லாவில் இருந்த பெண்ணும் திரும்பிக்கொண்டு சிரித்தாள். ஆர்வில் காது வரை சிவந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"எப்பருந்துடா தெரியும் உங்களுக்கு?"

"ஜனவரியிலேர்ந்து."

"அப்புறம் ஏன் ஒருத்தனும் வாயைத் தொறக்கல?"

"நீ அவ்வளவு சுவாரசியமா அவங்களைத் திட்டிக்கிட்டிருந்த. கெடுக்க வேணாம்னு விட்டோம்."

மறுபடி சிரிப்பு. அது ஓய்ந்த பிறகு ஆர்வில் பேசினார். யாரையும் பார்க்காமல், மேசைமேல் சிந்தியிருந்த சர்க்கரையைப் பார்த்துப் பேசினார்.

"டிசம்பர்ல காரேஜ் பின்னால வழுக்கி விழுந்துட்டேன். எந்திரிக்க முடியல. கத்தினேன். அந்தத் தெருவுல கேக்கறதுக்கு யாரு இருக்கா? ரெண்டு பக்கமும் பலகை அடிச்ச வீடு. அப்படியே முடிஞ்சுதுன்னுதான் நினைச்சேன். கோழி ஆலைக்காரன், மத்தேயோன்னு ஒருத்தன், ராத்திரி வேலை முடிஞ்சு நெடுஞ்சாலையிலேர்ந்து நடந்து வந்துக்கிட்டிருந்திருக்கான். சத்தம் கேட்டு வந்து, முதுகுல தூக்கிக்கிட்டு உள்ள கொண்டுபோய் விட்டான். குள்ளமான ஆளு. எப்படித் தூக்கினான்னு இன்னும் தெரியல. மறுநாள் அவன் பொண்டாட்டி சூப் கொண்டு வந்தா. அவங்க இருந்த இடத்துல குளிருக்கு ஹீட்டர் கிடையாது. வயித்துப் பிள்ளைக்காரி வேற." சர்க்கரையை விரலால் ஒதுக்கினார். "என் வீட்ல மேல ஒரு ரூம் சும்மாதானே கிடந்துச்சு."

க்ளீட்டஸ் எழுந்து போய் எல்லாருடைய கோப்பையிலும் காப்பி ஊற்றிக்கொண்டு வந்தார்.

"வாம்மா" என்று ஆர்வில் நாற்காலியைத் தள்ளினார். "வந்து எழுதிக்க. அஞ்சு பேர்."

"அதை நீங்க சொல்லக்கூடாது மாமா. அவங்க சம்மதிக்கணும்."

ஆர்விலின் வீட்டுச் சமையலறையில் மத்தேயோவின் மனைவி யுலாலியா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். இருபத்தைந்துகூட இருக்காது. மத்தேயோ வேலை முடித்து வந்து மாடியில் தூங்கிக்கொண்டிருந்தான். அவர்களுடைய ஆறு வயது மகள் மிக்காயேலா மேசைக்கடியில் படம் வரைந்துகொண்டிருந்தாள். ரெனாட்டாவின் கழுத்தில் இருந்த அட்டையைப் பார்த்ததும் யுலாலியா ஒரு எட்டுப் பின்னால் போனாள்.

"போலீஸ்?"

"இல்லம்மா. ஊர்ல எத்தனை பேர்னு எண்ணறோம். இந்த நாட்ல தங்க பேப்பர் இருக்கான்னு கேக்க மாட்டோம்."

"பேர் எழுதினா, எங்க போகும்?"

"பெட்டியில போட்டுப் பூட்டி வெப்பாங்க. எழுபத்தி ரெண்டு வருஷம் யாருக்கும் காட்டக் கூடாது. சட்டம்."

"நீ அந்தப் பெட்டி பார்த்தியா?"

ரெனாட்டாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "நான் பார்த்ததில்ல. சட்டத்தை நம்பறேன், அவ்வளவுதான். உனக்கு இஷ்டமில்லேன்னா இவர் பேரை மட்டும் எழுதிட்டு, மத்தவங்க சொல்லலேன்னு ஆபீஸ்ல சொல்லிடறேன்."

யுலாலியா மாடிப்படியைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "எண்ணினா என்ன கிடைக்கும்?"

"ஊருக்குப் பணம் வரலாம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ்."

"ராத்திரி பஸ்?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. ஆள் இருக்காங்கன்னு தெரிஞ்சாதான் கேக்கவே முடியும்."

யுலாலியா மாடிக்குப் போனாள். மேலே அவர்கள் மொழியில் ஏதோ பேச்சு, நீண்ட நேரம். ஆர்வில் நிலைகொள்ளாமல் அடுப்பு மேடையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"எங்கிட்ட ஏன் மாமா மறைச்சீங்க?" என்று ரெனாட்டா மெதுவாகக் கேட்டாள். "நான் என்ன, போய்ப் புகார் குடுத்துருவேனா?"

"அதில்லம்மா." துணியைப் பிழிந்தார். "அது நீங்க இருந்த ரூம். உன் சாமான்கூட ரெண்டு பெட்டி அங்க கிடந்துச்சு. அதுல வேற ஆளை வெச்சிட்டேன்னு உனக்கு எப்படிச் சொல்றது? உன்னை முழுசா வெளிய அனுப்பிட்ட மாதிரி ஆயிடாதா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அந்தப் பெட்டியில கிழிஞ்ச திரைச்சீலைதான் மாமா இருக்கு" என்றாள்.

மத்தேயோ சட்டை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தான். கைகுலுக்கினான். "எழுதுங்க" என்றான்.

பெயர், வயது, உறவு என்று எழுதிக்கொண்டு வந்தாள். இனம் எது என்று கேட்டபோது யுலாலியா கொடுத்திருந்த கட்டங்களையெல்லாம் பார்த்துவிட்டு எதுவும் இல்லை என்று தலையாட்டினாள். "மாம்" என்றாள். அது அவர்கள் குவாத்தமாலா மலையில் பேசும் மொழியும் ஜனமும். ரெனாட்டா அதையே எழுதினாள். கடைசியில் குழந்தையிடம் வந்தாள்.

"தோமாஸ் எப்பப் பொறந்தான்?"

"மே மாசம்" என்றார் ஆர்வில் பெருமையாக. "நான்தான் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டினேன்."

ரெனாட்டா பேனாவை வைத்தாள். "அப்போ இவனைச் சேர்க்க முடியாது. ஏப்ரல் ஒண்ணுல இருந்தவங்கதான் கணக்கு."

"என்னது?"

"அன்னிக்கு இவன் பொறக்கல மாமா."

"அன்னிக்கு இந்த வீட்லதான் இருந்தான். உள்ள இருந்தான்." ஆர்வில் கோபம் தலைக்கேறிக் குழந்தையைச் சுட்டிக்காட்டினார். "இதோ இருக்கான். முழுசா ஒரு ஆள். ராத்திரியெல்லாம் என்னைத் தூங்க விடறதில்ல. கணக்குல இல்லேங்கறியா? எவன் போட்ட சட்டம் இது? இந்த ஊர்ல புதுசா ஒருத்தன் வந்திருக்கறதே அதிசயம், அவனைப் போயி விட்டுட்டு என்ன பெரிய கணக்கு?"

கொஞ்ச நாள் முன்னால் 'ஒண்ணு' என்று கதவை அடைத்துக்கொண்டு நின்ற மனிதர். ரெனாட்டாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. யுலாலியாவுக்குப் பேச்சு முழுக்கப் புரிந்ததோ என்னவோ, அவளும் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "நாலு" என்று எழுதி ரெனாட்டா கையெழுத்துப் போட்டாள். கிழவர் கடைசி வரை முணுமுணுத்துக்கொண்டேதான் இருந்தார். அன்று மத்தியானம் அவளை விடாமல் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்கள். மிளகாய் கண்ணில் நீர் வரவழைத்தது. ஆர்வில் ஒன்றுமே நடவாதது போல் இரண்டாம் தட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த வசந்தத்தில் கணக்கு வெளியானது. ஐம்பதாயிரத்துக்குச் சில நூறு பேர் குறைவு. மேயர் மறுகணக்குக் கேட்டு எழுதினார், ஒன்றும் நடக்கவில்லை. உள்ளூர்ப் பத்திரிகை ஊரின் நிலவரத்தை ஒரு முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்தது. சராசரி வயது ஏறியிருந்தது. குடும்ப வருமானம் இறங்கியிருந்தது. ஏழில் ஒரு வீடு காலி. தனியாக வாழ்பவர்கள் முன்னைவிட அதிகம். மத்தேயோ வீட்டாரைச் சேர்த்திருந்த 'ஸ்பானிய வழியினர்' வரி இரண்டு பங்காகியிருந்தது. ரெனாட்டா அந்தப் பக்கத்தைச் சமையலறை மேசையில் விரித்து நிதானமாகப் படித்தாள். சதவீதங்கள் அவளுக்குச் சதவீதமாகத் தெரியவில்லை. கதவைத் திறக்காமல் திட்டியவர், ஆறு நாய் வளர்த்த விதவை, ஒரே அறையில் படுத்திருந்த நாலு சகோதரர்கள், எல்லாருமே அதற்குள் இருந்தார்கள். தனியாக வாழ்பவர்கள் என்ற வரியில் அவளும் இருந்தாள்.

பணம் குறைந்ததும் நகரம் சாயங்காலப் பேருந்தையும் நிறுத்தியது. யுலாலியா ரெனாட்டாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரெனாட்டாதான் போய், "நான் சொன்னது எதுவும் நடக்கலம்மா" என்றாள். "நீ நடக்கும்னு சொல்லல" என்றாள் யுலாலியா. கோழி ஆலைக்காரர்கள் ஆறு பேர் சேர்ந்து பழைய வேன் ஒன்று வாங்கினார்கள். பழுது பார்க்க க்ளீட்டஸ் தன் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். திட்டிக்கொண்டேதான் பார்த்தார்.

கோடை முடிவில் மத்தேயோ குடும்பம் ஆர்விலின் பக்கத்து வீட்டை வாடகைக்குப் பிடித்தது. ஜன்னல் பலகைகளை மத்தேயோ கழற்றிய அன்று ஆர்வில் புல்தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். ரெனாட்டாவும் பக்கத்தில் நின்றாள். பள்ளி அலுவலகத்தில் புதுப் பிள்ளைகளைச் சேர்க்கும் பிரிவில் அவளுக்கு அரை நாள் வேலை கிடைத்திருந்தது. அந்த வருஷம் ஒன்றாம் வகுப்புக்கு இன்னொரு பிரிவு திறக்க வேண்டியிருந்தது. வேலை முடிந்து நேராக அங்கே வந்திருந்தாள்.

"அடுத்த கணக்கு எப்பம்மா?" என்று கேட்டார் ஆர்வில்.

"பத்து வருஷம் கழிச்சு."

"நீதானே வருவ?"

"வேலை குடுத்தா வருவேன்."

"சாயங்காலமா வா. காலையில தூங்குவேன்" என்றார் அவர். பிறகு மத்தேயோவைப் பார்த்து, அந்த ஆணியை இடப்பக்கமாகப் பிடுங்கச் சொன்னார்.