ஈரம் படக்கூடாத சோபா

எங்கள் அண்ணன் மணியனுக்கு மூன்று லாரிகள், ஒரு தோட்டம், ஒரு தோல் சோபா. இவற்றில் அவன் தன் கையால் துடைத்தது சோபாவை மட்டும்தான். சேலத்தில் தோல் வியாபாரம் செய்யும் முகம்மது ஹனீப் பாயிடம் சொல்லித் தைத்தது, நல்ல வெல்லப்பாகு நிறம். நாமக்கல் வட்டாரத்தில் அப்படி ஒன்று எவன் வீட்டிலும் இல்லை என்று எண்பத்திரண்டாம் வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். இருந்திருக்கலாம். ஊர் ஊராகப் போய் எண்ணியா பார்த்தான்?

அந்தச் சோபாவில்தான் எங்கள் அய்யன் உட்கார்ந்தே கிடந்தார். அப்பாவை நாங்கள் அய்யன் என்றுதான் கூப்பிடுவோம். நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. மல்லாக்கப் படுத்தால் மூச்சு முட்டும். "படுக்க வைக்கவே வைக்காதீங்க, சாஞ்சு உக்காந்தபடியே இருக்கட்டும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கட்டிலில் தலையணை அடுக்கிப் பார்த்தோம், சரிந்து சரிந்து விழுந்தார். சோபாவில் இரண்டு பக்கமும் கை இருந்ததால் சாயாமல் இருந்தார், மூச்சும் சீராக வந்தது. நான் புருஷன் வீட்டிலிருந்து வந்து கூடவே இருந்து பார்த்துக்கொண்டேன். சௌந்திரம் வாயாடி என்று அண்ணன் வீட்டில் எனக்குப் பேர். இருந்துவிட்டுப் போகட்டும். என் வாய் இல்லாவிட்டால் அய்யனுக்குக் கஞ்சிகூட நேரத்துக்கு வந்திருக்காது.

அவருக்கு மூத்திரம் அடக்க முடியவில்லை. ரப்பர் துணி விரித்தேன், ஓரத்தில் வழிந்து தோலில் இறங்கியது. கறை பிடித்தது, வாடையும் பிடித்தது. அந்த நேரம் பார்த்து ராசிபுரத்தில் ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ மில்லுக்காரர் தன் மகனுக்கு எங்கள் அண்ணன் மகள் பெரியநாயகியைக் கேட்டு ஆள் அனுப்பினார். புதன்கிழமை பெண் பார்க்க வருகிறார்களாம்.

அன்றிலிருந்து வீட்டில் அய்யனைப் பற்றிப் பேச்சே இல்லை. எல்லாப் பேச்சும் சோபாவைப் பற்றித்தான். நங்கை மயிலம்மாள், அதாவது என் அண்ணன் பெண்டாட்டி, பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரை எடுத்துக்கொண்டு வந்தாள். "பட்டுச் சேலைக்கே ஒண்ணும் ஆவறதில்ல, மாட்டுத் தோலுக்கு என்ன ஆயிரப்போவுது?" என்றாள். அய்யனை ஒரு பக்கம் தள்ளி வைத்து மறுபக்கம் தேய்த்தாள். காய்ந்ததும் தேமல் மாதிரி வெளுத்துத் தெரிந்தது. அடுத்து லாரி கிளீனர் வந்தான். லாரி சீட்டை மண்ணெண்ணெய் போட்டுத்தான் துடைப்பானாம். துடைத்தான். துணியோடு சாயம் வந்தது. அந்த வாடைக்கு அய்யன் இருமிய இருமல் ரோட்டுக்குக் கேட்டிருக்கும். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அய்யனுக்கு மருந்து வாங்க அண்ணனோடு சேலம் போனேன். அவன் நேராக ஹனீப் பாய் கடைக்குத்தான் போனான்.

"மண்ணெண்ணெயா போட்டீங்க?" என்று பாய் தலையில் கை வைத்தார். "அது ரெக்சினுக்குங்க. இது தோலு. நம்ம தோலு மாதிரியேதான், எதை வெச்சாலும் உள்ள குடிக்கும். என்ன பட்டுச்சு மொதல்ல?"

"கொழந்தை ஒண்ணுக்குப் போயிருச்சுங்க பாய்" என்றான் அண்ணன், கண்ணை இமைக்காமல்.

"அவ்வளவுதானா. காடியில, அதான் வினிகர்ல, தண்ணி கலந்து, துணியை முக்கி ஒட்டப் புழிஞ்சு ஒத்தி எடுங்க. நல்ல சோப்பு நுரையை மட்டும் தொட்டுத் துடைங்க, தண்ணி நிக்கவே கூடாது. வெயில் காட்டாதீங்க, நெழல்லயே காயட்டும். காஞ்ச பின்னால வெளக்கெண்ணெயை விரல்ல தொட்டு லேசாத் தேய்ங்க. நாலு நாளைக்கு அது மேல யாரும் உக்காரக் கூடாது. கொழந்தைதானே, கீழ பாய் விரிச்சுப் போட்டுக்குங்க."

என்னால் பொறுக்க முடியவில்லை. "கொழந்தைக்கு எழுவது வயசுங்க பாய். கீழ போட்டா மூச்சு நின்னு போயிருமுங்க" என்றேன்.

பாய் அண்ணனைப் பார்த்தார். "அப்படின்னா தோலை விட்டுருங்க மணியன். பெரியவர் இருக்கற வரைக்கும் அது அவருக்கே இருக்கட்டும். பின்னால நானே ஆள் அனுப்பிப் புதுசாட்டம் பண்ணித் தர்றேன்" என்றார்.

அண்ணன் அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. "காடி எந்தக் கடையில கெடைக்குமுங்க?" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை பிடித்தேன். "ஏனுங்ணா, டாக்டர் சொன்னது மறந்து போச்சுங்களா? அய்யனை எறக்கினா என்ன ஆவுமுன்னு தெரியாதுங்களா?" என்றேன்.

"எம்பட மகளுக்கு இந்த எடம் தட்டிப்போனா நீ கொண்டாந்து குடுப்பியா அம்மிணி? நாலு நாளுதான். கட்டல்ல மூட்டை அண்டக் குடுத்து உக்கார வெக்கலாம்" என்றான்.

"தோலு சூடுங்க. மாமனுக்குக் கட்டலுதான் நல்லது" என்றாள் நங்கை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

எல்லாம் அய்யன் காதில் விழுந்தது. "எறக்கி உடு சாமி" என்றார் என்னிடம். "புள்ள காரியம். நாம குறுக்க உக்காந்துக்கிட்டு இருக்க வேண்டாம்." அதைச் சொல்லி முடிக்க மூன்று தடவை மூச்சு வாங்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடலைக்காய் போட்டுவைக்கும் கொட்டகையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டார்கள். முதுகுக்கு மூட்டை. மூட்டை நழுவினால் அவரும் நழுவுவார், அதனால் பின்னால் நான் முட்டுக் கொடுத்து உட்கார்ந்துகொண்டேன். உள்ளே அண்ணன் சோபாவுக்குப் பணிவிடை செய்தான். மல்லுத் துணியைப் பிழிந்து பிழிந்து ஒத்தினான். மேலே மின்விசிறி ஓடியது. விரலால் எண்ணெய் தொட்டு, பச்சைக் குழந்தைக்குத் தேய்ப்பதுபோல் தேய்த்தான். அய்யன் முதுகில் புண் விட்டிருந்தது. அதற்குத் தடவக் கொஞ்சம் விளக்கெண்ணெய் கேட்டேன். "சோபாவுக்கே பத்தாதுங்க" என்றாள் நங்கை. நன்றாயிருக்கட்டும்.

புதன்கிழமை வந்தது. பெண்ணுக்கு அத்தை சபையில் இல்லாவிட்டால் நன்றாயிருக்காது என்று அண்ணன் என்னைக் கூப்பிட்டான். "பண்ணையத்து ஆளு ஆண்டி அய்யனைப் புடிச்சுக்குவான், நீ வா" என்றான். ஆண்டி என் இடத்தில் உட்கார்ந்து அய்யனைத் தாங்கிக்கொண்ட பிறகுதான் எழுந்து போனேன். மில்லுக்காரர் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து தடவிப் பார்த்தார். "நெசத் தோலுங்களா?" என்றார். அண்ணன் முகத்தில் அவ்வளவு பூரிப்பு. அந்த நேரத்தில் ஆண்டி கையில் சோடாப் பாட்டில்களோடு உள்ளே வந்தான்.

"ஏண்டா, அய்யன்கிட்ட யாரு?" என்றேன்.

"அண்ணந்தானுங்க கடைக்குப் போயிட்டு வரச் சொன்னாங்க" என்றான்.

ஓடினேன். மூட்டை நழுவி, அய்யன் மல்லாக்கக் கிடந்தார். கண் திறந்திருந்தது. தூக்கி உட்காரவைத்து நெஞ்சைத் தேய்த்தேன், கூப்பிட்டேன். போய்விட்டிருந்தார். பின்னாலேயே வந்த அண்ணன் என் வாயைப் பொத்தினான். "கத்தாதே. அவங்க கெளம்பட்டும். பெரியநாயகியை நெனச்சுப் பாரு" என்றான். ஜன்னல் வழியாக அவள் தெரிந்தாள். பட்டுக் கட்டித் தலை குனிந்து நின்றாள். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தாள் என்று வாயை மூடிக்கொண்டேன். உள்ளே கேசரி பரிமாறினார்கள். நான் அய்யன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உலகத்தில் எந்த மகளுக்கும் அப்படி ஒரு நேரம் வரவேண்டாம்.

அவர்கள் சம்மதம் சொல்லிவிட்டுக் கிளம்பிய பிறகுதான் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை துக்கத்துக்கு மில்லுக்காரரும் வந்துவிட்டார். அய்யனைக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, வேட்டி கட்டி, திருநீறு பூசினார்கள். இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்துக் குடும்பத்தோடு போட்டோ எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நாமக்கல்லிலிருந்து போட்டோக்காரன் வந்திருந்தான். ஆண்டி நாற்காலி கொண்டுவந்தான்.

"நாற்காலி எதுக்குங்க? அவ்வளவு பெரிய சோபா இருக்குது. பெரியவரு ராசாவாட்டம் அதுல உக்காரட்டும்" என்றார் மில்லுக்காரர்.

அண்ணனால் சம்பந்தியிடம் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் உட்காரவைத்தார்கள். இரண்டு பக்கமும் கை அணைத்துக்கொண்டதால் அய்யன் சரியாமல் உட்கார்ந்தார். தலைமயிரிலிருந்தும் வேட்டியிலிருந்தும் தண்ணீர் சொட்டித் தோலில் தேங்கியது. அண்ணன் அதைப் பார்த்தான். தோள் துண்டை எடுத்து, முட்டி போட்டு உட்கார்ந்து, அய்யன் தொடைக்கும் சோபாக் கைக்கும் நடுவில் ஒத்தினான், காலுக்கு அடியில் ஒத்தினான், முதுகுப் பக்கம் கையை விட்டு ஒத்தினான். எடுத்த ஈரத்தைப் பிழிந்துவிட்டு மறுபடியும் ஒத்தினான்.

"பெத்தா இப்படி ஒரு மகனைப் பெத்துப்போட்டுச் சாவோணும்" என்றாள் ஒருத்தி. பெண்கள் எல்லோரும் விசும்பினார்கள். மில்லுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போட்டோக்காரன்கூட அவசரப்படுத்தாமல் காத்திருந்தான்.

நான் அண்ணன் பக்கத்தில்தான் நின்றேன், எல்லாவற்றையும் பார்த்தேன். அந்தத் துண்டு அய்யன் மேல் ஒரு தடவைகூடப் படவில்லை. அவர் நெற்றியிலிருந்து திருநீறு கரைந்து கண்ணுக்குள் வழிந்துகொண்டிருந்தது. நான் முந்தானையை இழுத்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன்.