தேவாங்கு இருக்கா?

எரியோட்டுப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குவாரியில் சோலைமலைக்குப் பதினோரு வருஷமாக ஒரே வேலை. மத்தியானம் வெடி வைப்பதற்கு முன் சிவப்புக் கொடியோடு குழியின் விளிம்பைச் சுற்றி வருவான். புதர்களுக்குள் எட்டிப் பார்ப்பான். ஆடு மேய்ப்பவர்களை விரட்டிவிட்டு, "ஆள் இல்லே!" என்று மூன்று தடவை கத்துவான். மூன்றாவது கத்தலுக்குப் பிறகுதான் கீழே வெடியைத் தட்டுவார்கள். "கலெக்டர் கையெழுத்துக்கு அடுத்தபடியா எங்கூப்பாட்டுக்குத்தான் மதிப்பு" என்று அவனே சொல்லிக்கொள்வான்.

ஒல்லி உடம்பு, துருத்திய கண். பள்ளிக்கூடத்திலேயே அவனுக்குத் 'தேவாங்கு' என்று பெயர் விழுந்துவிட்டது. ரேஷன் கார்டிலும் குவாரிச் சம்பளப் பதிவேட்டிலும் மட்டும்தான் சோலைமலை.

குழப்பம் அதனால்தான் வந்தது. குவாரியை மேற்கே கரட்டடி வரைக்கும் விரிக்க அனுமதி கேட்டிருந்தார்கள். அதற்கு முன்னால் அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று எழுதிப்போகப் புவனேஸ்வரி என்ற பெண் ஒருநாள் மத்தியானத்துக்குச் சற்று முன்னால் நோட்டும் கையுமாக ஸ்கூட்டியில் வந்தாள். கிதர் முகம்மதின் டீக்கடையில் வண்டியை நிறுத்திக் கேட்டாள்.

"பாய், இந்தப் பக்கம் தேவாங்கு இருக்கா?"

"இல்லாமயா? தினம் ரெண்டு டீ குடிக்கும். சர்க்கரை கம்மியா."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அவள் முழித்தாள். "கூண்டுல வச்சிருக்கீங்களா?"

"கூண்டுல வச்சிருக்கிறது அதோட பொண்டாட்டி கனகா. அந்தா வருது பாருங்க!"

சோலைமலைதான் முதலில் சிரித்தான். எப்போதும் முந்திக்கொள்வான். மற்றவர்கள் சிரிப்பு அப்புறம் அவ்வளவாக வலிக்காது.

"காட்டுத் தேவாங்கையா கேக்குறீங்க தாயி?"

"ஆமாண்ணே. பாத்திருக்கீங்களா? இருந்துச்சுன்னா மேக்கு ஓரத்தை விட்டுட்டுத்தான் தோண்டணும்னு எழுதலாம்."

பார்த்திருந்தான். மூன்று வாரத்துக்கு முன்னால், கரட்டடிக் கிளுவைப் புதருக்குள். தாயின் வயிற்றில் ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. தாய் அவனைப் பார்த்த பார்வை, காலையில் கண்ணாடியில் அவன் பார்க்கும் அதே பார்வை. யாரிடமும் சொல்லவில்லை.

போன வாரம்தான் சூப்பர்வைசர் மோகன்குமார் சொல்லியிருந்தார். "கிழக்கே கல்லு தீந்துருச்சு சோலை. மேக்கே கிடைச்சா இன்னும் பத்து வருஷம் பொழப்பு. கிடைக்கலேன்னா தை மாசத்தோட மூட வேண்டியதுதான்." மகள் பரணி நர்சிங் இரண்டாம் வருஷம்.

"இல்லே தாயி. நான் ஒருத்தன்தான்" என்றான்.

கடை மறுபடியும் சிரித்தது. அவள் நோட்டில் 'இல்லை' என்று எழுதினாள். அந்த நீல மை காய்வதையே அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்றைக்கு மேற்கு விளிம்பில் சோதனைக்கு ஒரு குழி போட்டு வெடிமருந்து இறக்கியிருந்தார்கள். கொடியோடு சுற்றி வந்தவன் கிளுவைப் புதரை விலக்கினான். உருண்டையாகச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்த தாய், ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது.

"ஆள் இல்லே!"

"ஆள் இல்லே!"

மூன்றாவது வரவில்லை. ஒருமுறை குடித்துவிட்டு மட்டையாகிக் கிடந்தவனுக்காக ஒன்றரை மணி நேரம் வெடியை நிறுத்தியவன் அவன். உள்ளே ஆள் இருக்கும்போது ஒருநாளும் 'இல்லே' சொன்னதில்லை. கொடியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

செத்த நேரத்தில் மோகன்குமார் மூச்சிரைக்க மேலே ஏறி வந்தார். "யாருய்யா உள்ளே?"

"தேவாங்கு சார்."

"நீ இருக்கிறதுதான் தெரியுதே. உள்ளே யாருன்னு கேட்டேன்."

"நான் வெளியதானே சார் நிக்கிறேன். உள்ள நெசத் தேவாங்கு. குட்டியோட."

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது குரல் இறங்கியிருந்தது. "ஆளுக்குத்தான்யா கொடி. இது ஆளா?"

"என்னைய ஊரே இதுன்னுதானே சார் கூப்பிடுது. அப்ப இதுவும் ஆளுதானே."

"தை மாசம் என்ன செய்வே?"

சோலைமலை கொடியைக் கீழே இறக்கவில்லை.

மோகன்குமார் கீழே பார்த்து வயரைக் கழற்றச் சொல்லிக் கைகாட்டினார். "கணக்கெடுக்க வந்த பொண்ணு இன்னும் கடையிலதான் இருக்கும். போ. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிறாதே."

கொடியை மடிக்கவும் மறந்து நடந்தான். புவனேஸ்வரி வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தாள்.

"தாயி, அந்த 'இல்லை'யை அடிச்சிருங்க."

"பாத்தீங்களாண்ணே? எத்தனை?"

"தாயும் குட்டியும். என்னையச் சேக்காம ரெண்டு."

யாரும் சிரிக்கவில்லை. பெஞ்சில் பாதிப்பேர் குவாரியில் வேலை பார்ப்பவர்கள். ஒருவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். புவனேஸ்வரி எழுதி முடித்துக் கிளம்பிப் போனாள்.

கிதர் முகம்மது சர்க்கரை குறைத்து ஆற்றிய டீயை அவன் முன்னால் வைத்தார். கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

"குடி, சோலைமலை. ஆறிரும்."

அந்தக் கடையில் தன் பெயரை அவன் கேட்டது அதுதான் முதல் தடவை.