பூஜ்யம் புள்ளி பதினைந்து

பெயர்ப்பலகை மூடியில் அதற்கென வெட்டிய குழிக்குள் இறங்கவில்லை. தங்கை கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள், உள்ளங்கையால் தட்டிப் பார்த்தாள். ஒரு மூலை உட்கார்ந்தால் எதிர்மூலை எழுந்துகொண்டது.

“குடும்மா, உளியால ஓரத்தை லேசா சீவி விட்டுடறேன். யாரு பார்க்கப் போறாங்க,” என்றார் தச்சர். சவப்பெட்டியின் மூடியை மட்டும் கடைக்கே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

‘அக்கா பார்ப்பா’ என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். அக்கா நேற்றுக் காலையில் இறந்துபோனாள். நாலு மணிக்கு அடக்கம். இப்போது ஒன்றரை.

கடையும் லேசர் மெஷினும் இருவருக்கும் பொது. தங்கை கம்ப்யூட்டரில் வரைவாள், அக்கா மெஷினில் வெட்டுவாள். ‘கொஞ்சம் தள்ளி உட்காரு’ என்றால் ‘எத்தனை மில்லி?’ என்று கேட்கிற பிறவி. தெருவே அவளை மில்லி என்றுதான் கூப்பிட்டது. கடையில் அவள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. வெட்டிய முதல் துண்டைத் தங்கை அளந்து உரக்கச் சொல்ல வேண்டும். அக்கா ‘சரி’ என்ற பிறகுதான் அடுத்தது. எட்டு வருஷமாக நடந்த இந்தக் கூத்தைப் பார்த்து வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள்.

போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எண்பது மரப்பெட்டிகள். அவசர வேலை. ‘அளக்க நேரமில்ல, ஓட்டு’ என்று சொன்னவள் தங்கைதான். ஒரு பெட்டியில்கூட ஒரு பலகையின் நாக்கு அடுத்த பலகையின் குழிக்குள் போகவில்லை. தட்டினால் பலகை பிளந்தது. வாங்க வந்த ஆள் முன்னாலேயே தங்கை வெடித்தாள்.

“மாத்திரை மயக்கத்துல எதையோ மாத்தி வெச்சுட்டே. இனிமே மெஷினைத் தொடாதே.”

“நான் எதையும் மாத்தலையேடி,” என்றாள் அக்கா, ஒரே ஒரு முறை. கையுறையைக் கழற்றித் தன் ஸ்டூல்மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். பழுதான இதயத்தோடு அதன் பிறகு நாலு நாள் இருந்தாள்.

தங்கை வெர்னியர் அளவுகோலை எடுத்துப் பெயர்ப்பலகையை அளந்தாள். நூற்று இருபது மில்லிமீட்டர் இருக்க வேண்டிய பலகை நூற்று இருபது புள்ளி மூன்று இருந்தது. மெஷினின் லென்ஸைத் துடைத்தாள். பெல்ட்டைச் சுண்டிப் பார்த்தாள், விறைப்பாகத்தான் இருந்தது. மறுபடி வெட்டினாள். அதே புள்ளி மூன்று. மெஷினில் கோளாறு என்றால் தப்பு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வரும். ஒரே மாதிரி வந்தால், யாரோ சொன்னதைத்தான் அது செய்கிறது. இதுவும் அக்கா சொல்லிக்கொடுத்ததுதான்.

வெட்டும்போது கதிர் பலகையின் ஓரத்தைக் கொஞ்சம் எரித்துத் தின்றுவிடும். அதை ஈடுகட்ட அக்கா வெட்டும் சாஃப்ட்வேரில் ஓர் அளவைக் கூட்டி வைத்திருப்பாள். அந்தக் கட்டத்தைத் திறந்தாள். பூஜ்யம் புள்ளி பதினைந்து. எட்டு வருஷமாக இருக்கும் அதே எண்.

பிறகு தன் வரைபடத்தைத் திறந்தாள். அங்கேயும், ஒவ்வொரு ஓரத்திலும், பூஜ்யம் புள்ளி பதினைந்து. இரண்டு ஓரமும் சேர்ந்தால் புள்ளி மூன்று.

அந்த எண்பது பெட்டிகளுக்கு முன்னால், அக்கா இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, அவளுக்கு ஒரு வேலையாவது குறையட்டும் என்று, எதை வரைந்தாலும் அந்த அளவு தானே சேரும்படி இவள் செய்து வைத்திருந்தாள். அவள் திரும்பி வந்ததும் சொல்ல மறந்துபோனாள். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“முடிஞ்சுதாம்மா? வண்டி மூணரைக்கே வந்துடும்.”

அக்காவின் கணவர் வாசலில் நின்றார். சட்டையில் பட்டன் ஒன்று மாறியிருந்தது.

“இன்னும் பத்து நிமிஷம் மாமா.”

அவர் இறங்காத பலகையைப் பார்த்தார். “அன்னிக்கு அந்தப் பெட்டியில என்ன தப்புன்னு தெரிஞ்சுதா? ஒரு துண்டை வீட்டுக்கு எடுத்துட்டு வந்து அளந்துட்டே இருந்தா. ‘எனக்கு மூளை கலங்கிடுச்சாங்க’ன்னு அதே கேள்வி. முந்தாநாள் சாயங்காலம்கூடக் கேட்டா.”

பலகையில் ஈரம் என்று சொல்லிவிடலாம். மாமாவுக்கு இந்த வேலை தெரியாது, நம்பிவிடுவார். ஆனால் அதைச் சொல்லிவிட்டு நாலு மணிக்கு அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

“அவ தப்பே பண்ணல மாமா. அவ கூட்டற அளவை நானும் படத்துல கூட்டி வெச்சுட்டேன். அவகிட்ட சொல்லல. முதல் துண்டை அளக்கவும் இல்ல. எல்லாம் நான் பண்ணது.”

மாமா குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். மாறிய பட்டனைக் கழற்றிச் சரியாகப் போட்டார்.

“இது முந்தாநாள் தெரிஞ்சிருக்கக் கூடாதா,” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

தான் கூட்டியதை அழித்தாள். அக்காவின் எண்ணைத் தொடவில்லை. மெஷின் மூன்றாவது முறையாக அக்காவின் பெயரை எழுதி, சுற்றிலும் வெட்டியது. சூடு ஆறுவதற்குள் பலகையை எடுத்து வெர்னியரில் பிடித்தாள்.

“நூத்தி இருபது,” என்றாள் உரக்க. ஸ்டூலைப் பார்த்தபடி நின்றாள். புகை இழுக்கும் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“என்னம்மா?” என்றார் தச்சர்.

“ஒண்ணுமில்ல. போடுங்க.”

ஒரே அழுத்தில் பலகை உட்கார்ந்தது. தச்சர் இடுக்கில் நகத்தை விட்டுப் பார்த்தார், நுழையவில்லை. அவரும் மாமாவும் மூடியை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். தங்கை வெர்னியரை மூடாமல், நூற்று இருபதிலேயே விட்டு, ஸ்டூலில் கையுறைக்குப் பக்கத்தில் வைத்தாள்.