குல்லா போட்ட கெஹிந்தே

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு சுவரிலிருந்து கிடைத்தது. ஒஷோக்போ என்ற ஊரில் நான் வெகுகாலம் குடியிருந்த தெருவில், தையற்கடைக்காரி ஒருத்தியின் வீட்டுக் கூடத்தில் அந்தப் படம் தொங்கியது. ஒரே பெஞ்சில் இரண்டு பிள்ளைகள்: ஒன்று கவுனில், மற்றது குல்லாவும் தொளதொள அங்கியுமாக. இரண்டும் ஒரே பிள்ளைதான் என்று பிறகுதான் தெரிந்தது. அப்போதே எழுதியிருக்க வேண்டும். இழுத்தடித்து, இப்போது முதுகுவலியோடு உட்கார்ந்திருக்கிறேன்.

[பொன் வெயில் சாய்ந்த அந்த மாலையில், புகைப்படக்காரர் ஒயெலாமி தம்முடைய—]

வேண்டாம். அவர் ஸ்டூடியோவுக்குள் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது.

[முகங்களின் மேல் தீராத காதல் கொண்ட ஒயெலாமி—]

சுத்தப் பொய். மனுஷனுக்கு முகங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. கல்யாணமோ பட்டம் கட்டுவதோ, யார் வந்தாலும் அதே நேர்ப் பார்வை, முழங்கால்மேல் அதே விரித்த கை. "சிரிக்காதீங்க, அசையாதீங்க, ஆச்சு" என்று சொல்லிச் சொல்லி அவர் குரலே தேய்ந்துபோயிருந்தது. இந்த அலுப்பிலிருந்தே தொடங்குகிறேன். எனக்கும் அது பழகிய சங்கதி.

2

தையற்கடைக்காரி பெயர் மோரெனிகே. ஆனால் இரட்டைப் பிள்ளை பெற்றவளை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, இரட்டையம்மா என்பார்கள். பிள்ளைகளுக்குப் பெயர் யோசிக்கும் வேலையும் எனக்கு மிச்சம். எந்த வீட்டிலும் முன்னால் பிறந்தது தாய்வோ, பின்னால் பிறந்தது கெஹிந்தே. இந்த வீட்டில் தாய்வோ பையன், கெஹிந்தே பெண்.

மழைக்காலக் காய்ச்சலில் பையன் போய்விட்டான். இரட்டையரில் ஒன்று போனால் சாவு என்ற வார்த்தையை யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். தொலைவிலுள்ள லாகோஸ் நகரத்துக்குப் போயிருப்பதாகத்தான் சொல்வார்கள். எடுத்தால் மிஞ்சிய பிள்ளையும் பின்னாலேயே கிளம்பிவிடும் என்று பயம். இரண்டு பேரையும் சேர்த்துப் படம் பிடித்துச் சுவரில் மாட்டிவிட்டால் மிஞ்சியது தங்கும் என்று நம்பிக்கை. அதற்காகத்தான் மோரெனிகே மகளைக் கூட்டிக்கொண்டு, மகனுடைய துணியோடு ஒயெலாமியிடம் வந்தாள்.

"ரெண்டு பேரையும் புடிக்கணுமா, ரெட்டையம்மா?"

"ஆமா பாபா. ரெண்டு பேரையும்."

ஒயெலாமிக்கு இது பழைய வேலை. முதலில் பிள்ளையை அதன் துணியில் இந்தப் பக்கம் உட்கார வைப்பார். பிறகு போனவனுடைய துணியில் அந்தப் பக்கம். இரண்டையும் ஒரே தாளில் ஒட்டு தெரியாமல் அச்சிட்டுக் கொடுப்பார். ஆனால் கெஹிந்தே குல்லாவைப் போட மாட்டேன் என்றுவிட்டாள்.

"அது தாய்வோவோடது. அவன் வந்தா எதப் போடுவான்?"

"நீ மாட்டிக்கிட்டு அவன் எடத்துல உக்காரு, கண்ணு. மிச்சத்த இந்தக் கேமராப் பெட்டி பாத்துக்கும். படம் வரும்போது அவனும் வந்துருவான்."*

[* எல்லா இரட்டைப் பிள்ளைகளிடமும் அவர் சொல்லும் வசனம் இது. சலிப்பாக இருக்கிறதே என்று முதல் பிரதியில் அடித்திருந்தேன். அடித்ததும் கதையே காணாமல் போய்விட்டது.]

3

படம் வந்த மறுநாள் காலை மோரெனிகே ஸ்டூடியோவுக்குத் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள்.

"பாபா, புள்ளையக் காணோம். படத்தையும் காணோம்."

"என்ன சொன்னா உங்கிட்ட?"

"தாய்வோ எப்ப வந்தான், வீட்டுக்கு ஏன் வரலன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. லாகோஸ்ல வேலையாம், திரும்பிப் போயிட்டான்னேன். வேற என்னத்தச் சொல்ல?"

ஒயெலாமி கடையைக்கூடச் சாத்தாமல், லாகோஸ் லாரிகள் கிளம்பும் ஸ்டாண்டுக்கு ஓடினார்.

[லாரி போய்விட்டிருந்தது. புழுதி மட்டும்—]

இதை ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். பிள்ளையைத் தொலைத்துக் கதையை முடிக்க எனக்குத் தெம்பில்லை. அவள் அங்கேதான் நிற்கிறாள், சுட்ட கிழங்கு விற்கிறவர்களுக்கு நடுவில், ஒவ்வொரு டிரைவரிடமும் படத்தைக் காட்டிக்கொண்டு.

"மாமா, லாகோஸ்ல இவனப் பாத்தீங்களா?"

"அடியே, குல்லா போட்டிருக்கறதும் நீதான. என்கிட்டயே வெளாட்டா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். விஷயம் புரிந்த கிழங்குக்காரி ஒருத்தி மட்டும் டிரைவரைப் பார்த்து, "வாய மூடுய்யா," என்றாள்.

4

"வா கண்ணு, அம்மா தேடுது," என்றார் ஒயெலாமி.

"லாகோஸ்ல எந்தத் தெரு, பாபா?"

"அது ரொம்பப் பெரிய ஊரு."

"உங்களுக்குத் தெரியும். நீங்கதான அவன வரவழைச்சுப் படம் புடிச்சீங்க."

ஒயெலாமி வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் வேலையை நினைத்துக் கூசினார். ஒட்டு தெரியாமல் செய்ததுதான் தப்பாகப் போயிற்று.

"அம்மா தேடட்டும். நான்தான் பெரியவ," என்றாள் கெஹிந்தே. அங்கே கணக்கு அப்படித்தான். பின்னால் பிறந்ததுதான் மூத்தது. உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவரச் சொல்லி இளையதை அதுதான் முன்னால் அனுப்பிவைக்கிறது. "தாய்வோவ இங்க அனுப்புனது நான்தான பாபா? அப்ப நான்தான தேடிக் கூட்டிட்டு வரணும்?"

மோரெனிகே மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். மகளுக்குப் பின்னால் நின்று, சொல்லிவிட வேண்டாம் என்று ஒயெலாமியைப் பார்த்துத் தலையாட்டினாள்.

முடிவுகள் என்னிடம் இருக்கின்றன, ஒன்றும் தேறவில்லை. மறுபடியும் லாகோஸ் என்று சொன்னால் நாளைக்கும் இங்கே வந்து நிற்பாள், என்றைக்காவது ஒரு லாரி ஏற்றிக்கொள்ளும். அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு, அடுத்த மழையில் இவளுக்கும் காய்ச்சல் வந்தால் அந்தத் தாய் யார் முகத்தில் விழிப்பாள்? குல்லாவில் இருப்பது நீதான் என்று ஒட்டைக் காட்டலாம். காட்டினால் இவளுக்குத் தம்பி இரண்டாம் முறை போவான்.

அவர் என்னதான் சொன்னார் என்று மோரெனிகேயிடமே ஒருநாள் கேட்டேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "நீயா இருந்தா என்ன சொல்லியிருப்ப?" என்றாள். இவ்வளவு எழுதியும் பதில் பிடிபடவில்லை, களைத்துப்போனேன்.

லாரி உறுமுகிறது. கெஹிந்தே அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிறாள். இனி நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள், அவளுக்கு ஆறு வயது.