மூன்றாவது கை

நல்லசிவம் ரோஜா மாலையின் சிக்கைப் பிரித்துக்கொண்டே தமிழ்மொழியின் மாமாவிடம், "இருட்டுறதுக்கு முன்னாடி எடுத்துடலாம்ங்க. வண்டி வந்தாச்சு, சுடுகாட்டுலயும் சொல்லியாச்சு. நீங்க எதுக்கும் அலைய வேண்டாம்" என்றார்.

கட்டடக் கம்பெனியின் சைட் மேனேஜர் அவர். நேற்று மாலையிலிருந்து எல்லாம் அவர்தான். ஷாமியானா, நாற்காலி, ஐஸ் பெட்டி, மேளக்காரர் வரைக்கும். கூடப் பிறந்தவன்கூட இப்படி ஓடமாட்டான். அதுதான் தமிழ்மொழிக்கு இடித்தது.

தி. நகரில் ஒரு நகைக்கடையில் வளையல் பகுதியில் நிற்கிறவள் அவள். சேர்ந்த அன்றைக்கே சொல்லிக் கொடுத்தார்கள்: வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துச் சிரி, கண் மட்டும் அவர்கள் கையில் இருக்கட்டும். இப்போது நல்லசிவத்தின் வலது கை மாமாவின் தோளைத் தட்டிக் கொடுத்தது. இடது கை, சட்டைப் பையிலிருந்த போனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

பெட்டிக்குள் அவளுடைய நைனா கபாலி, புது வேட்டியும் புதுச் சட்டையுமாகக் கிடந்தார். நெற்றியில் விபூதி, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி, கைகளின் கட்டை விரல்களைச் சேர்த்து ஒரு நூல். ஆம்புலன்ஸிலிருந்து இறக்கும்போதே அப்படித்தான் இருந்தார். அம்மா செம்பும் சீயக்காயுமாக நின்றபோது, "நாங்களே குளிப்பாட்டிட்டோம்மா, உங்களுக்கு ஏன் சிரமம்" என்று நல்லசிவம் சொன்னார்.

"குளிப்பாட்றது நம்ம வேலை மாமா. இவங்க யாரு அதச் செய்ய?" என்று தமிழ்மொழி காலையிலேயே கேட்டுப் பார்த்தாள்.

"நல்ல மனுசங்கம்மா. ஆஸ்பத்திரி, டாக்டர் சீட்டு எல்லாம் அவங்களே பாத்துக்கினாங்க. இந்தக் காலத்துல யார் செய்வா? எழவு வூட்ல நீ எதையும் கெளப்பாத."

கம்பெனி சொன்னது இதுதான். டீ நேரத்தில் எல்லாரோடும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்த கபாலி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் தாங்கிப் பிடித்து உடனே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. அம்மா இதை அப்படியே பிடித்துக்கொண்டாள். வருகிற ஒவ்வொருவரிடமும், "தனியா போகல என் ராசா. பத்து பேரு கையிலதான் உசுரு போச்சு" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

பெண்கள் உட்கார்ந்திருந்த பாயின் ஓரத்தில் யாருக்கும் தெரியாத ஒரு பெண் வந்ததிலிருந்து அழுதுகொண்டிருந்தாள். குடியிருப்பில் விஷயம் அதற்குள் மூன்று மாடி ஏறி இறங்கிவிட்டது. "ஆரு அது? கபாலிக்கு இன்னா வேணுமாம்?" என்று எதிர்வீட்டு அத்தை காதைக் கடித்தாள். தமிழ்மொழி அந்தப் பெண்ணின் கையைத்தான் பார்த்தாள். வந்தவள் அடையாள அட்டையைக் கைப்பைக்குள் திணித்திருந்தாள். நாடாவில் கம்பெனியின் நிறம். மடியில் போன், அதுவும் கவிழ்த்து.

வேவு பார்க்க ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேரே போய் நின்றாள்.

"இன்னா படம் எடுத்துக்கினு கீற?"

"எடுக்கலக்கா." அந்தப் பெண் எழுந்தாள். "என் பேரு தீபிகா. சைட்ல அந்த நாயை ஓட்டுறது நான்தான். உங்ககிட்ட மட்டும் ஒண்ணு காட்டணும்."

நாயைத் தமிழ்மொழிக்குத் தெரியும். நைனா அதைப் பற்றிப் பேசாமல் சாப்பிட்டதில்லை. நாலு காலில் நடக்கிற இயந்திரம். முதுகில் லேசர் சுழலும். கட்டடம் வரைபடத்தில் உள்ளபடி எழுகிறதா என்று தளம் தளமாக அளந்துகொண்டு போகும். அது கிளம்புவதற்கு முன் வழியில் கிடக்கிற கம்பித் துண்டையும் காலிச் சாக்கையும் எடுத்துப் போடுவதுதான் கபாலியின் வேலை. கம்பி கட்டிக் கட்டி முதுகு போன பிறகு கிடைத்த லேசான வேலை. "சோறு கேக்காது, கொலைக்காது, மேனேஜர விட மருவாதியா நடக்குது" என்பார்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றார்கள். தீபிகா போனைத் திருப்பினாள். கோல மாவைச் சிந்தியது போலப் புள்ளி புள்ளியாக ஒரு தரைத்தளம், தூண்கள், ஒரு தூணுக்கு அருகே படுத்திருக்கிற ஆள்.

"சாப்பாட்டு நேரத்துலதான் நாயை விடுவோம், ஆள் நடமாட்டம் இருக்காது. உங்க அப்பா தினமும் இந்தத் தூண்கிட்டத்தான் தூங்குவார். இது முந்தாநாள் எடுத்தது."

ஹெல்மெட் தலைக்கு அடியில். ஷூ இரண்டும் கழற்றிப் பக்கத்தில். வீட்டில்கூட அப்படித்தான் படுப்பார்.

"இது நேத்து எடுத்தது, அதே நேரம்."

ஷூ காலிலேயே இருந்தது. ஹெல்மெட் எங்கோ உருண்டு கிடந்தது. தமிழ்மொழி படத்தைப் பெரிதாக்கினாள். உடம்பில் மூன்று கைகள் இருந்தன. ஒன்று இடது கை. வலது தோளிலிருந்து ஒரு கை தரையில் கிடந்தது. அதே தோளிலிருந்து இன்னொரு கை மேலே தூக்கியிருந்தது.

"இன்னா இது, மூணு கை?"

தீபிகா தூணின் இரண்டு பக்கமும் விரல் வைத்துக் காட்டினாள். "நாய் தூணுக்கு இந்தப் பக்கம் நின்னு ஒரு தடவை எடுத்துச்சு. அந்தப் பக்கம் போய் இன்னொரு தடவை எடுத்துச்சு. ரெண்டையும் சேர்த்தா இந்தப் படம். அசையாதது ஒண்ணாத்தான் விழும். நடுவுல அசைஞ்சது ரெண்டு தடவை விழும்."

"அப்போ கை..."

"அசைஞ்சிருக்குக்கா. டீ நேரம் வர்றதுக்கு முன்னாடியே விழுந்து கெடந்திருக்கார், உசுரோட."

"நாய் இன்னா பண்ணுச்சு?"

"குறுக்க ஆள் இருந்தா நிக்கும். கொஞ்ச நேரம் பாத்துட்டு சுத்திப் போயிடும். சுத்திப் போயிடுச்சு. நானும் மேல ஆபீஸ்ல உக்காந்து ஸ்கிரீன்ல பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். தூங்குறார்னு நெனச்சேன்." மூக்கை உறிஞ்சினாள். "கட்டடம்தான் வேணும், ஆளுங்க வேண்டாம்னு படத்துல இருக்கறவங்களைத் தினமும் அழிச்சிடுவேன். சாயங்காலம் அழிக்கப் போனப்பதான் கையைப் பாத்தேன். நல்லசிவம் சார்கிட்ட காட்டினேன். அதையும் அழிச்சிடுன்னார். காலையில இருந்து அழிச்சியா அழிச்சியான்னு போன் பண்றார்."

தமிழ்மொழி அவளை அறையலாமா என்று நினைத்தாள். அப்புறம் அந்தப் போனை வாங்கித் தன் எண்ணுக்குப் படத்தை அனுப்பினாள். அங்கேயே நின்று போலீசுக்குப் போன் செய்தாள். முகவரியைச் சொன்னாள்.

திரும்பி வந்தபோது மேளம் ஆரம்பித்திருந்தது. மாமா பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கியிருந்தார். அம்மா புதிதாக வந்த ஒருத்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "பத்து பேரு கையிலதான்" என்று தொடங்கியிருந்தாள்.

"மாமா, தூக்காதீங்க. நைனா சுடுகாட்டுக்குப் போவல. கவுருமெண்ட் ஆஸ்பத்திரிக்குத்தான் போவணும். போலீஸ் வந்துகினே கீது."

மேளம் நின்றது. நல்லசிவம் பதறவேயில்லை. "ஏம்மா, பெரியவர் உடம்பை அறுக்கணுமா? அம்மா மனசை நெனச்சுப் பாரு" என்று கனிவாகச் சொன்னார். முகம் நிஜமாகவே கலங்கியிருந்தது. தமிழ்மொழி முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கை, அவளுக்குப் பின்னால் நின்ற தீபிகாவின் போனை நோக்கி நீண்டது. அவள் பார்ப்பது தெரிந்ததும் பாதியில் திரும்பிச் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

"இன்னாடி இது?" அம்மா எழுந்து வந்தாள். "பத்து பேரு தாங்கிப் புடிச்சாங்கன்னு சொன்னாங்களே..."

தமிழ்மொழி பெட்டியருகே உட்கார்ந்து மூடியை நகர்த்தினாள். கட்டை விரல்களைச் சேர்த்திருந்த நூலை அவிழ்த்தாள். அவிழ்த்த பிறகும் கைகள் சேர்ந்தேதான் இருந்தன. வலது கையை மட்டும் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வண்டிக்காரர் எஞ்சினை அணைத்தார்.