ஏகாம்பரத்துக்கு ஒன்ஸ் மோர்

ஏகாம்பரம் அன்றைக்கும் காலையில் செத்துப்போனார். தெருவில் யாரும் பதறவில்லை. முந்தின நாள் போட்ட ஷாமியானாவைப் பிரிக்காமல் விட்டுவைத்திருந்தார்கள். மேளக்காரர்கள் பக்கத்துச் சந்திலேயே குடிவந்துவிட்டார்கள்.

தமயந்தி கடைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தாள். காது கேட்கும் கருவி விற்கிற கடையில் அவளுக்கு வேலை. "இன்னிக்கு யாரு செத்தது?" என்று முதலாளி போனில் கேட்டார்.

"அதே ஆளுதான் சார்."

"சரி. அவரு செத்து முடிச்சதும் வா."

ஏகாம்பரம் யாரென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். பெரம்பூரில் ஹெவி மெட்டல் பாடிய ஒரே ஆள் அவர்தான். கர்ணகடூரம் என்பது அவருடைய குழு. அடித்தொண்டையிலிருந்து அவர் ஒரு சத்தம் எடுத்தால் அடுத்த தெருவில் குக்கர் விசில் அடிக்க வெட்கப்படும். ரசிகர்கள் கொஞ்சம் பேர்தான். எல்லோருக்கும் கறுப்பு டீ-ஷர்ட், தோளுக்குக் கீழே இறங்கின முடி. அந்த முடியைச் சுழற்றித் தலையை ஆட்டுவதுதான் அவர்களுடைய கைதட்டல்.

கச்சேரி முடிந்தால் ஏகாம்பரம் நன்றி சொல்ல மாட்டார். மைக்கில் லேசாக ஒரு முனகல் விடுவார். அது தேய்ந்துகொண்டே போகும். நின்றதும் இறங்கிப் போய்விடுவார். நிற்பதற்குள் யாராவது 'ஒன்ஸ் மோர்' என்று கத்திவிட்டால் திரும்பி வருவார். கத்தின ஆளை உற்றுப் பார்த்து, "எந்தப் பாட்டு?" என்பார். முதலில் கத்தியவர் கேட்பதுதான் பாட்டு. அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்.

தமயந்தி எத்தனையோ வருடமாகக் கத்தினாள். ஒரு தடவைகூட முந்தியதில்லை. எப்போதும் டைட்டஸ் முந்திக்கொள்வான். அவனுக்கு அப்படி ஒரு தொண்டை.

ஏகாம்பரம் முதல்முறை செத்தபோதுதான் அவள் முந்தினாள். சுடுகாட்டில் கொள்ளி வைத்தாயிற்று. சிதையிலிருந்து அந்த முனகல் கேட்டது. எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள். இனி இந்த மனுஷனின் சத்தம் இல்லாமல் எப்படி இருப்பது என்று தமயந்தி நினைத்தாள். பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஒன்ஸ் மோர்."

ஏகாம்பரம் எழுந்து உட்கார்ந்தார். "எந்தப் பாட்டு?" என்றார். அவள் 'கொதிகலன்' என்றாள். பாடினார். பாடி முடித்ததும் மாலையைக் கழற்றி விறகின்மேல் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். ராத்திரி தோசை சாப்பிட்டார். விடிந்ததும் மறுபடி செத்தார்.

அன்றிலிருந்து இதே கதைதான். தினமும் எடுப்பார்கள், தினமும் யாராவது கத்துவார்கள். ஆனால் பாடின பாட்டு அவரிடம் தங்கவில்லை. போகும்போது துணைக்கு இன்னொன்றையும் கூட்டிக்கொண்டு போயிற்று. 'கொதிகலன்' போனபோது சட்டைப் பொத்தான் போடும் விதம் போயிற்று. 'துருப்பிடித்த சூரியன்' போனபோது தன் அப்பாவின் பெயர் போயிற்று. முந்தின நாள் ராத்திரி அவருக்கு மனைவி மேகலா சோறு போட்டாள். அவர் மரியாதையாகக் காலை மடக்கிக்கொண்டு, "நீங்க எந்த வீட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டார். மேகலா, "இதே வீடுதான். குழம்பு ஊத்தட்டுமா?" என்றாள்.

இனி பாக்கி இருப்பது ஒரே பாட்டு. அதில் டிரம்ஸ் கிடையாது, கத்தல் கிடையாது. ஏகாம்பரம் அதைத் தொடங்கினாலே ரசிகர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். பாதியில் எழுந்து போனால் அவர் மனசு என்ன பாடுபடும் என்று தமயந்தி மட்டும் உட்கார்ந்திருப்பாள். அதன் பெயர் 'தெருமுனை'. அவளைத் தவிர யாருக்கும் அந்தப் பெயர்கூடத் தெரியாது.

"அதையும் பாடிட்டார்னா வீட்டுக்கு வர்றது சட்டையும் வேட்டியும்தான். உள்ள ஆளு இருக்காது" என்று பொன்னுரங்கம் சொல்லிவிட்டார். தெருவில் எந்தச் சாவானாலும் முன்னால் நின்று நடத்துகிறவர் அவர். சாவு விஷயத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

ஆகவே அன்றைக்கு யாரும் கத்தக்கூடாது. அவர் ஏகாம்பரமாகவே போய்ச் சேர வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை.

தமயந்தியும் ஆட்டினாள். தன் வாயின் மேல் அவளுக்கே நம்பிக்கை இல்லை.

ஏகாம்பரத்துக்குப் பிள்ளைகள் கிடையாது. அதனால் ரசிகர்கள் எல்லோருமே பிள்ளைகள் என்று முடிவாகியிருந்தது. எல்லோருக்கும் மொட்டை. நேற்று போட்ட மொட்டை இன்று காலையில் தோளுக்குக் கீழே வளர்ந்திருந்தது. அடித்த முடியைக் கூட்டித் தள்ளியதில் எதிர்வீட்டு வாசல் அடைபட்டு, அந்த வீட்டுக்காரர்கள் மாடி வழியாகப் போய்வந்தார்கள். டைட்டஸ் மாதாகோவிலுக்குப் போகிறவன். அவனும் வரிசையில் உட்கார்ந்து தலையைக் கொடுத்தான்.

"நீ கத்தினா நானும் கத்துவேன்" என்றான் தமயந்தியிடம், தலையைத் தூக்காமல்.

"நான் கத்த மாட்டேன்."

"நேத்தும் அப்படித்தான் சொன்ன."

"நேத்து கத்தினது நீ."

"உன் மூஞ்சியப் பாத்தேன். கத்தப்போறன்னு நெனச்சேன். முந்திக்கினேன்."

உள்ளேயிருந்து மேகலா வந்தாள். கையில் ஒரு முறம் நிறைய அரிசி. அவள் கர்ணகடூரத்தின் ஒரு கச்சேரிக்கும் போனதில்லை. கல்யாணம் ஆன மறுவாரமே இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டவள். வீட்டில் ஏகாம்பரம் சாதகம் பண்ணும்போது எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள், ஒன்றும் கேட்காது. யார் என்ன பேசினாலும் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். அவர் மேல் அவளுக்குக் கொள்ளைப் பிரியம். சத்தத்தின் மேல்தான் கோபம்.

"வாயத் திறங்க" என்றாள்.

"எதுக்கு அண்ணி?" என்றான் டைட்டஸ்.

"வாய்க்கரிசி."

"அது அண்ணனுக்குப் போடறதாச்சே."

"அவரா கத்துறாரு? நீங்கதானே கத்துறீங்க."

பொன்னுரங்கம் யோசித்துப் பார்த்தார். இதற்குத் தடை சொல்ல வழக்கத்தில் இடம் இல்லை என்றார். "ஆனா ஒண்ணு. வாய்க்கரிசியத் துப்பக்கூடாது. துப்பினா செத்தவன் சோத்துல துப்பினாப்ல." மேகலா ஒவ்வொரு வாயாகத் திணித்துக்கொண்டு வந்தாள். கன்னம் புடைக்கும்வரை விடவில்லை. தமயந்தியின் முறை வந்தபோது ஒரு நிமிடம் நின்று அவள் முகத்தைப் பார்த்தாள்.

"முதல்ல கத்தினவ நீதானே?"

தமயந்தி தலையாட்டினாள்.

"ஏன் கத்தின?"

"பிடிச்சிருந்துச்சு அண்ணி."

மேகலா அவளுக்கு மட்டும் இரண்டு பிடி போட்டாள். முறம் காலியாகிவிட்டது. ஏகாம்பரத்தின் வாய்க்குப் போட ஒரு மணி மிச்சமில்லை. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. தமயந்தி கவனித்தாள். சொல்ல வாய் இல்லை.

அடுத்து பஞ்சு தீர்ந்துபோயிற்று. தினமும் சாவு என்றால் எந்தக் கடைக்காரன் தாங்குவான். "மூக்குக்கு வைக்கப் பஞ்சு இல்லியேம்மா" என்று பொன்னுரங்கம் கையைப் பிசைந்தார். மேகலா தன் காதிலிருந்த பஞ்சை எடுத்தாள். இரண்டு காதுக்கு இரண்டு மூக்குத் துவாரம், சரியாக இருந்தது. பிறகு நிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்த்தாள். காக்கை கத்தியது. திடுக்கிட்டு மாரில் கைவைத்துக்கொண்டாள்.

"நானும் சுடுகாட்டுக்கு வரேன்" என்றாள்.

"பொம்பளைங்க தெருமுனையோட நின்னுடணும்மா. அதான் வழக்கம்."

"அந்தப் பொண்ணு தினம் வருதே."

பொன்னுரங்கம் தமயந்தியை இப்போதுதான் பார்த்தார். "கறுப்பு டீ-ஷர்ட்டுல தெரியல" என்றார்.

"தெருமுனை எங்க இருக்கு?" என்றாள் மேகலா.

பொன்னுரங்கம் கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தார். ஏகாம்பரத்தை எடுக்க எடுக்கத் தெரு நீண்டுகொண்டே வந்திருந்தது. முதலில் பால் பூத்துக்குப் பக்கத்தில் இருந்த தெருமுனை நேற்று ரயில்வே கேட்டைத் தாண்டிப் போயிருந்தது. இன்றைக்குக் கண்ணுக்கே தெரியவில்லை. அவர் ஒருவனை சைக்கிளில் அனுப்பினார். அவன் வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தான். "சுடுகாட்டுக்கு அந்தாண்ட போயிடுச்சு" என்றான்.

"அப்ப அதுவரைக்கும் வரலாம்" என்றார் பொன்னுரங்கம்.

எடுத்தார்கள். மேளம் முன்னால் போயிற்று. பின்னால் கன்னம் புடைத்த மொட்டைத் தலைகள் ஆடிக்கொண்டே போயின. சுழற்ற முடி இல்லாததால் வெயிலில் பளபளத்தன. வழியில் ஒரு வீட்டு வாசலில் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டி நின்றது. அது மின்வாரியத்தில் வேலைபார்த்த குப்புசாமி. போன வாரம்தான் அப்படி ஆனார். அவர் மனைவி அவருக்கு முன்னால் காபி வைத்துவிட்டு, "கொஞ்சம் மெதுவா அழுங்களேன்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

மேகலா தமயந்தியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். பிடி தளரவேயில்லை. தமயந்தியின் வாயில் அரிசி எச்சிலில் ஊறிக் கனத்தது. மூக்கால் மூச்சு விட்டாள். அவர் போகக்கூடாது என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. அவர் வெறும் சட்டையாக வீடு திரும்பக்கூடாது என்று பயமாக இருந்தது. ஆசையும் பயமும் ஒரே வாய்க்குள் அடைபட்டிருந்தன, அரிசியோடு சேர்த்து.

சுடுகாட்டில் விறகு தயாராக இருந்தது. டைட்டஸ் மூத்த பிள்ளை என்று ஒப்புக்கொள்ளப்பட்டவன், அவன் கொள்ளி வைத்தான். தீ கால்மாட்டில் பிடித்தது. மேளம் நின்றது.

முனகல் வந்தது.

சுற்றிலும் ரசிகர்களின் தொண்டைகள் ஏறி இறங்கின. ஒருவன் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டான். டைட்டஸ், மெட்டல் ரசிகர்கள் வணக்கம் வைப்பதுபோல, ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் நீட்டிக் கையை உயர்த்தினான். அவன் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. முனகல் தேய்ந்தது. இன்னும் தேய்ந்தது. ஒரு நூலளவு மிச்சம் இருந்தது. அது போய்விட்டால் அவர் முழுசாக, அவராகவே போய்விடுவார். தமயந்தி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். இன்னும் கொஞ்சம்தான். அண்ணா, சீக்கிரம் போயிடுங்க என்று வேண்டிக்கொண்டாள்.

அப்போது அவள் மணிக்கட்டிலிருந்த பிடி தளர்ந்தது.

மேகலா கழுத்தைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் காதில் பஞ்சு இல்லை. அந்தச் சத்தத்தை அவள் கேட்பது இதுதான் முதல் தடவை. முகத்தில் ஒரு குழப்பம் வந்தது, இத்தனை வருடம் தன் வீட்டுக்குள் இப்படியொன்று இருந்ததா என்பதுபோல.

"ஒன்ஸ் மோர்" என்றாள்.

கத்தவில்லை. பந்தியில் இன்னொரு கரண்டி ரசம் கேட்கிற குரலில்தான் சொன்னாள். அது போதுமானதாக இருந்தது.

ஏகாம்பரம் எழுந்து உட்கார்ந்தார். அவர் வாயை அடைக்க அரிசி இல்லை. மூக்கிலிருந்த பஞ்சைச் சரிசெய்துகொண்டு மேகலாவை உற்றுப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை.

"எந்தப் பாட்டு?"

மேகலாவுக்கு ஒரு பாட்டின் பெயரும் தெரியாது.

"ஏதாவது ஒண்ணு" என்றாள்.

"அப்படி ஒரு பாட்டு இல்லீங்க" என்றார் ஏகாம்பரம். பணிவாகத்தான் சொன்னார்.

"உங்களுக்குப் பிடிச்சது."

"கேக்கறவங்கதான் சொல்லணும். அதான் வழக்கம்."

பொன்னுரங்கம் ஆமாம் என்று தலையாட்டினார். தீ முழங்கால்வரை வந்து, பதில் வரட்டும் என்று நின்றுகொண்டது. மேகலா டைட்டஸைப் பார்த்தாள். அவன் உதட்டைப் பிதுக்கினான். அவன் அந்தப் பாட்டுக்கெல்லாம் டீ குடித்தவன். மற்றவர்களைப் பார்த்தாள். எல்லோரும் டீ குடித்தவர்கள். மொட்டைத் தலைகள் ஒவ்வொன்றாகத் தமயந்தியின் பக்கம் திரும்பின.

"உனக்குத் தெரியுமில்ல?" என்றாள் மேகலா.

தமயந்தி தலையாட்டினாள்.

"சொல்லு."

தமயந்தி தன் வாயைக் காட்டினாள். துப்பக்கூடாது. இரண்டு பிடி அரிசி, பழைய அரிசி, பாதிகூட ஊறவில்லை. அதை மென்று முழுங்கினால் பெயரைச் சொல்ல வேண்டும். பெயரைச் சொன்னால் அவர் பாடுவார். பாடிவிட்டால் அவ்வளவுதான். தமயந்திக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே மெல்ல ஆரம்பித்தாள். கறக் கறக் என்று சத்தம் வந்தது. சுடுகாட்டில் வேறு சத்தம் இல்லை.

ஏகாம்பரம் சிதைமேல் சம்மணமிட்டுக் காத்திருந்தார். மேகலா கிட்டே போனாள். அவர் நெற்றியில் ஒட்டியிருந்த சாம்பலை முந்தானையால் துடைத்துவிட்டாள். திறந்து கிடந்த சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். அவர் தடுக்கவில்லை. கடைசிப் பொத்தானில் கையை அப்படியே வைத்துக்கொண்டு, திரும்பாமல் சொன்னாள்.

"அவசரமில்ல தமயந்தி. நல்லா மென்னு முழுங்கு."