நூற்றுப் பன்னிரண்டு படிகள்

என் மாமனாரின் இரங்கல் கூட்டத்தில் நான்தான் முதலில் பேச வேண்டும் என்று முடிவுசெய்தவர் அத்தை.

"உங்க பொண்டாட்டி பேசினா அழுதுடுவா. நான் பேசினா அவரைத் திட்டிடுவேன். நீங்க பேசுங்க மாப்பிள்ளை," என்றார்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். "கடைசி வரி தெரியுதா?" என்று கேட்பதைத் தவிர நாலு பேர் முன்னால் வாய் திறந்தவன் இல்லை. ஆனால் அத்தை சொன்னால் சொன்னதுதான்.

மாமாவை எங்கள் எட்டு மாடிக் குடியிருப்பில் எல்லோரும் 'பட்டாளம்' என்றே கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் இருந்தவர். ஓய்வு என்றால் என்னவென்று கடைசிவரை அவருக்கு விளங்கவே இல்லை. காலையில் பள்ளிக்கூட வாசலில் நின்று பிள்ளைகளைச் சாலை கடக்க விடுவார். மதியம் பெரிய ஆஸ்பத்திரியில், எழுதத் தெரியாதவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பார். ரத்தம் வேண்டும் என்று போன் வந்தால் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு ஆள் தேடக் கிளம்பிவிடுவார்.

"வீட்டுக் குழாய் ஒழுகுதுன்னா மட்டும் மனுஷனுக்குக் காது கேக்காது," என்பது அத்தையின் நிரந்தரப் புகார். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த நான்தான் அந்தக் குழாயை மாற்றினேன்.

கூட்டத்தில் நான் சொன்னது லிஃப்ட் நின்றுபோன கதையை.

அப்போது மாமாவுக்கு அறுபத்தொன்பது வயது. ஒரு திங்கட்கிழமை லிஃப்டின் மோட்டார் கருகிப்போனது. புதியது வெளியூரிலிருந்து வரப் பன்னிரண்டு நாள் ஆகும் என்றார் மெக்கானிக். எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே படியேறினோம். ஏழாவது மாடியில் தனியாக இருந்த டைப்பிஸ்ட் அம்மாவால் அது முடியாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரம் மூன்று முறை ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். ஒரு முறை தவறினாலும் ஆபத்து.

அன்று மாலையே மாமா ஒரு மரநாற்காலியின் இரண்டு கைப்பிடிகளுக்கும் கீழே நீளமான இரும்புக் குழாய்களை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். பிளம்பரும் இரண்டாவது மாடி தையற்காரரும் பக்கத்தில் நின்றார்கள்.

"மாப்பிள்ளை, உக்காருங்க," என்றார்.

"நானா மாமா?"

"உங்களைத் தூக்கிட்டா இந்தக் கட்டடத்துல யாரை வேணும்னாலும் தூக்கிடலாம்."

எண்பத்திரண்டு கிலோவையும் ஒரு மாடி ஏற்றி இறக்கினார்கள். பிளம்பரின் முகம் தக்காளியாகிவிட்டது. நாற்காலி மட்டும் அசையவில்லை. இறங்கும்போது உட்கார்ந்திருப்பவரின் கால் முன்னே போக வேண்டும், ஏறும்போது முதுகு முன்னே போக வேண்டும் என்று மாமா சொல்லிக் கொடுத்தார். கீழ்ப்பக்கம்தான் பாரம் அதிகம். அந்தப் பக்கத்தைத் தானே எடுத்துக்கொண்டு, மறு குழாயைப் பிளம்பரிடம் கொடுத்தார். மேல்பக்கம் நானும் தையற்காரரும்.

விஷயம் கேள்விப்பட்டுக் குடியிருப்புச் செயலாளர் ஓடிவந்தார். "கீழ விழுந்தா யாருங்க பொறுப்பு?"

"நான் விழுந்தாதான் அவங்க விழுவாங்க. நான் விழறதா இல்லை," என்றார் மாமா. மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் தன் காரையே கொண்டுவருவதாகச் சொன்னார் செயலாளர்.

மறுநாள் காலை டைப்பிஸ்ட் அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்தார். "இடது... வலது... இடது..." என்று மாமா எண்ண எண்ண, நூற்றுப் பன்னிரண்டு படிகள். கீழே இறக்கியபோது என் சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தேறும். சிகிச்சை முடிந்து மதியம் திரும்ப வந்தவரை அதே படிகளில் மேலே கொண்டு சேர்த்தோம்.

வியாழக்கிழமை அவர் கண்ணைத் திறந்தார். சனிக்கிழமை வாயைத் திறந்தார். "அஞ்சாவது மாடியில சுண்ணாம்பு உதிருது. யாரும் பாக்கறதில்லையா? நாலாவது மாடியில ஏன் செருப்பை வழியில போடறீங்க?" கதவுகள் திறந்தன. செருப்புகள் உள்ளே போயின. மூன்றாவது மாடியில் ஒரு அம்மா எங்களுக்காக எலுமிச்சைச் சாறு வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அன்று அந்த மூன்றாவது மாடி வளைவில் தையற்காரருக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. நாற்காலியை இறக்கி வைத்தோம். மாமாவுக்கு மூச்சு வாங்குவதை அப்போதுதான் கவனித்தேன்.

டைப்பிஸ்ட் அம்மா அவரைப் பார்த்துக் கேட்டார். "பட்டாளத்துல அடிபட்டவங்களை எத்தனை பேரை இப்படித் தூக்கியிருப்பீங்க?"

"ஆளா? ஒருத்தரைக்கூட இல்லீங்களே," என்றார் மாமா. "நான் சமையல்கூடத்துல இருந்தேன். தூக்கினதெல்லாம் அண்டாதான்."

தையற்காரர் சுளுக்கை மறந்து நிமிர்ந்தார்.

"அப்போ மூணு நாளா நான் அண்டாவா?" என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

"அண்டா பேசாதுங்க," என்றார் மாமா.

அந்த அம்மா சிரித்த சிரிப்பு மொட்டைமாடி வரை கேட்டிருக்கும். நாங்களும் சிரித்தோம். அடங்கியதும் மாமா, எங்களிடம் வீட்டில்கூடச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"மலை மேல ஒரு காவல் முகாம். கீழேருந்து சாப்பாடு தூக்கிட்டுப் போகணும். ஒரு நாள் பனியில கால் வழுக்கி மொத்தத்தையும் கொட்டிட்டேன். முப்பது பேரு அன்னைக்குப் பட்டினி. ஒருத்தர்கூட ஒரு வார்த்தை திட்டலை. அதைத்தான் என்னால தாங்க முடியலை. அன்னையிலேருந்து கையில எடுத்ததைக் கீழ விட்டதில்லை."

பிறகு எழுந்து குழாயைப் பிடித்தார். "இடது," என்றார்.

பன்னிரண்டு நாளில் ஐந்து முறை இறக்கி, ஐந்து முறை ஏற்றினோம். ஒரு சிகிச்சையும் தவறவில்லை. லிஃப்ட் ஓடத் தொடங்கிய பிறகு டைப்பிஸ்ட் அம்மா மாமாவைத் தன் வீட்டுக்கு அழைத்து, "படிவம் எழுதற வேலையில எனக்கும் பங்கு வேணும். உங்க கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்காம், ஆஸ்பத்திரியில சொன்னாங்க," என்றார். மாமாவின் கடைசி வருடம் வரை வாரத்தில் இரண்டு மதியம் இருவரும் ஆஸ்பத்திரியில் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். எழுதுவது அவர், ஆள் பிடித்து வருவது மாமா.

நான் பேசி முடித்ததும் பிளம்பர் எழுந்தார். அவரை அடுத்துச் செயலாளர். ஆஸ்பத்திரித் தாதி ஒருவர், மாமா வார்டில் பாடிய பாட்டையும் அதைக் கேட்டு நோயாளிகள் சீக்கிரம் வீட்டுக்குப் போகத் துடித்ததையும் சொன்னபோது என் மனைவி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். முன்வரிசையில் இருந்த டைப்பிஸ்ட் அம்மா ஒவ்வொருவரையும் இடைமறித்துத் தேதி திருத்திக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்குக் காலி செய்ய வேண்டிய மண்டபம். நாலரைக்குக் காவலாளி சாவிக்கொத்தோடு வாசலில் வந்து நின்றார். அத்தை எழுந்து, "மன்னிச்சுக்கங்க, இதோ கிளம்பிட்டோம்," என்றார்.

"இல்லம்மா, அதுக்கு வரலை," என்றார் காவலாளி. "என் பொண்ணுக்கு ரத்தம் தேவைப்பட்டப்போ அவரு என்ன செஞ்சாருன்னு நானும் கொஞ்சம் சொல்லலாமா?"

கணவர் போன நாளிலிருந்து அத்தையின் முகத்தில் நான் பார்க்காத மலர்ச்சி அப்போது வந்தது.

"தண்ணி குடிச்சிட்டு நிதானமா சொல்லுங்க," என்றார் அவரிடம்.